கும்மித் திடலிலிருந்து பரிசோதனை அறை வரை: புற்றுநோய் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன், காங்கயத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வாய்ப்புற்றுநோய் பற்றிய தெருநாடகம் பார்க்கப் போயிருந்தேன். சமுதாயக்கூட வாசலில் மேசை போட்டு, பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கற்கண்டு எல்லாம் முறைப்படி வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே எவர்சில்வர் தட்டு நிறைய வெற்றிலையும் பாக்கும் இருந்தன. நாடகத்தில், பாக்கு மென்று மென்று வாயைத் திறக்க முடியாமல் போனவராக நடித்த இளைஞர், வேடத்தைக் கலைத்துவிட்டு வந்து அந்தத் தட்டிலிருந்தே ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வந்தவர்களுக்கு மரியாதை செய்யும் நல்ல எண்ணத்தில் வைத்த தட்டுதான். யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆயினும் மேடையில் சொல்வது ஒன்றும் வாசலில் நடப்பது வேறொன்றுமாக இருந்தால், ஊரார் வாசலைத்தான் நம்புவார்கள். தாம்பூலம் இல்லாமல் முடியாது என்றால் பழமும் மஞ்சளும் போதும்.

பாக்குத் தட்டை எடுத்து உள்ளே வைப்பது எளிது. அதைவிடப் பெரிய தவறு ஒன்று பெரும்பாலான நிகழ்ச்சிகளில் நடக்கிறது: கலை நிகழ்ச்சி முடிந்தபின் பார்த்தவர் எங்கே, எந்த நாளில், யாரிடம் போக வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டியே ஏற்பாடு செய்வதில்லை. பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள், நவம்பர் 7 தேசியப் புற்றுநோய் விழிப்புணர்வு நாள், அக்டோபர் மார்பகப் புற்றுநோய் மாதம் என்று நாள் பார்த்துப் பேரணி நடத்துகிறார்கள், இளஞ்சிவப்புப் பலூன் விடுகிறார்கள். மறுநாள் பேனரைக் கழற்றியதும் எல்லாம் முடிந்துவிடுகிறது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர் என்பது உலகளாவிய மதிப்பீடு. அவர்களில் மார்பகம், வாய், கருப்பை வாய் ஆகிய மூன்று இடங்களில் நோய் கண்டவர்கள் மட்டும் நான்கரை லட்சத்துக்கு மேல். கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் தொடக்கத்திலேயே சந்தேகிக்கக்கூடிய மூன்று இடங்கள் இவை. ஆகவே நிகழ்ச்சிக்கு நோட்டீஸ் அடிக்கும் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், எந்தெந்தக் கிழமைகளில் பரிசோதனை நடக்கிறது, பெண் செவிலியர் இருப்பாரா, சந்தேகம் இருந்தால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஈரோடு மாவட்டத்தார்க்கு இது இன்னும் எளிது. மூவகைப் புற்றுநோய்களுக்கும் ஊரளவில் அழைத்துப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம் 2023-இல் முதலில் தொடங்கப்பட்ட நான்கு மாவட்டங்களுள் அதுவும் ஒன்று.

பரிசோதனையோடு சேராத விழிப்புணர்வுக்கும் சேர்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டை அறியத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களுக்குக் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைப் பஞ்சால் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மை படர்கிறதா என்று பார்த்தார்கள். சமையலறை வினிகரில் இருக்கும் அதே அமிலந்தான். ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனையும் தேவைப்பட்டோர்க்குச் சிகிச்சையும் நடந்த அந்த ஊர்களில், மற்ற ஊர்களோடு ஒப்பிடும்போது கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் நேர்ந்த இறப்பு 35 சதவீதமும் குறைந்தன என்று 2007-இல் முடிவு வெளியாயிற்று. இவ்வளவையும் செய்தது ஒரு பஞ்சும் ஒரு விளக்கும் பழகிய ஒரு கையுந்தான் என்பதை நம் கலைஞர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். பாட்டில் வர வேண்டிய செய்தியும் இதுவே.

அந்தச் செய்தியைச் சொல்வதிலும் ஒரு பிழை விடாமல் நேர்கிறது. "அறிகுறி இருந்தால் உடனே பரிசோதனைக்கு வாருங்கள்" என்று ஒலிபெருக்கியில் கேட்கிறோம். மாதவிடாய் நின்றபின் இரத்தம் படுவது, உறவுக்குப்பின் இரத்தம் படுவது, நாற்றத்தோடு வெள்ளைபடுவது, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், மார்பில் புதிதாகத் தென்படும் கட்டி ஆகியவற்றைக் கண்டவர் முகாமுக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். முகாமோ ஒன்றுமே இல்லாதவருக்காக ஏற்பட்டது. "எனக்குத்தான் ஒன்னுமில்லைங்களே, நான் எதுக்குங்க வரணும்?" என்று கேட்கும் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்மணிதான் நாம் தேடி வந்தவர். இந்த இரண்டையும் குழப்பினால், நலமாக இருப்பவர் வீட்டில் இருந்துவிடுவார். நோயுற்றவரோ அடுத்த முகாம் எப்போது என்று கேட்டுக்கொண்டிருப்பார். மார்பகக் கட்டியிலும் இதே சிக்கல் உண்டு. வலித்தால்தான் ஆபத்து என்ற நம்பிக்கை நம் ஊர்களில் ஆழமாக இருக்கிறது. புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை என்பதையும், தென்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் பயம் மிஞ்சும். இரண்டாவதை மட்டும் சொன்னால் அசட்டை மிஞ்சும்.

கலை வடிவத்தைத் தேர்வதில் நேரும் தவறுகளைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொங்கு நாட்டில் உடுக்கைப் பாட்டு, துடும்பாட்டம், பெருஞ்சலங்கையாட்டம், தெருக்கூத்து, ஒயில் கும்மி, வள்ளி கும்மி என்று எவ்வளவோ இருக்க, விழிப்புணர்வு என்றதும் பத்து நிமிடக் குறுநாடகம் எழுதி, கடைசிக் காட்சியில் தலைமுடி கொட்டிய தாயைச் சாகடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பார்ப்பவர்கள் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள். பரிசோதனைக்குப் போனாலும் சாவுதான் என்று கண்முன்னே காட்டிய பிறகு யார் போவார்கள்? அந்தத் தாய் சிகிச்சை முடிந்து தோட்டத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதாக முடிக்க என்ன தடை?

பொன்னர்–சங்கர் எனும் அண்ணன்மார் கதையை எடுத்துக்கொண்டு புற்றுநோயைப் பகைவனாக்கிப் போர்க்களம் அமைக்கும் ஆசையும் நம்மவர்க்கு எளிதில் வருகிறது. உடுக்கையில் அந்தக் கதை பாடப்படும் இடத்தில் அது வழிபாடு. அவர்கள் களத்தில் மாண்டதை நிகழ்த்திக் காட்டும் படுகளத்தில் விழுவதும் எழுப்புவதும் சாமி காரியம். அதை நோட்டீஸ் வாசகம் போலக் கையாண்டால் பூசாரியும் ஊராரும் முகம் சுளிப்பது நியாயமே. அதோடு, நோயைப் போராக்கினால் மாண்டவர்கள் சரியாகப் போராடவில்லை என்ற பொருள் தானாக வந்து சேரும். அந்தக் கூட்டத்திலேயே தாயையோ கணவனையோ இழந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை மறக்கக் கூடாது.

இந்த வேலைக்குப் பொருந்தும் வடிவம் கும்மி என்பது என் கருத்து. காரணம், அதன் பாட்டைவிட அதை ஆடிப் பழகும் பழக்க நாள்கள். ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியில் பெண்களையும் பழக்கிய கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்ததை அறிவோம். இன்று மாலை மங்கியபின் ஊர்த்திடலில் ஆசிரியர் பாட, பேத்தியும் தாயும் பாட்டியும் ஒரே வட்டத்தில் நின்று வாரக்கணக்கில் அடவு பழகுகிறார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போடத் தகுந்த 9 முதல் 14 வயதுச் சிறுமியும், பரிசோதனைக்குரிய வயதில் உள்ள அவள் தாயும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இடம் ஊரில் வேறெங்கே உண்டு? நாமோ இந்தப் பழக்க நாள்களையெல்லாம் விட்டுவிட்டு, அரங்கேற்ற இரவில் ஒலிபெருக்கி அலறும்போது மருத்துவரை மேடையேற்றி அரை மணி நேரம் பேச வைக்கிறோம். பழக்கத்தின் நடுவே தண்ணீர் குடிக்க உட்காரும் பத்து நிமிடத்தில், செவிலியர் வந்து அவர்களோடு தரையில் உட்கார்ந்து பேசினால் கேட்கக் கூசும் கேள்விகளும் வெளியே வரும். கருப்பையை எடுத்தவர் வர வேண்டுமா, மாதவிடாய் நாளில் வரலாமா, வலிக்குமா, ஆண் மருத்துவர் இருப்பாரா என்பவை அவற்றுள் சில. தடுப்பூசி போட்டவளும் பிற்காலத்தில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

கும்மித் திடல் பெரும்பாலும் கோவில் திடலாக இருப்பதில் ஒரு நெருடலும் உண்டு. சில ஊர்களில் கும்மி ஒரு சமூகத்தாரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. காலனிப் பெண்கள் அந்த வட்டத்துக்குள் வருவதில்லை, அழைக்கப்படுவதுமில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வடமாநிலப் பெண்களுக்குப் பாட்டே புரியாது. ஒரு திடலில் நடத்திவிட்டு ஊர் முழுவதையும் எட்டிவிட்டதாக எண்ணுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். மாரியம்மன் நோம்பி எனும் திருவிழாவுக்குப் பூச்சாட்டித் தொடங்கியபின் பெண்கள் விரதத்தில் இருப்பார்கள். அந்த நாள்களில் உள்ளுறுப்புப் பரிசோதனைக்கு அழைத்தால் வர மாட்டார்கள். கோவில் முன் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆடும் இரவுகளில் செய்தியைச் சொல்லி, நோம்பியை நிறைவு செய்யும் மறுபூசை முடிந்த அடுத்த வாரத்தில் பரிசோதனை வைப்பதே பொருந்தும். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டு மணிக்குமேல் வீடு திரும்பும் பெண்ணிடம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்வதில் பயனில்லை. மாதவிடாய் காரணமாக வர இயலாதவர்க்கு இரண்டாவது நாள் ஒன்றும் கட்டாயம் குறித்திருக்க வேண்டும்.

ஆண்களை விட்டுவிடுவது இன்னொரு குறை. கையில் டீயும் சிகரெட்டுமாக அவர்கள் கூடும் இடம் பேக்கரி வாசலும் தறிக்குடோனும். வாயை அண்ணாந்து திறந்து டார்ச் அடித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். கேரளத்தில் நடந்த பெரிய ஆய்வொன்றில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே இவ்வாறு பார்த்ததாலேயே வாய்ப்புற்றுநோய் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. புகையிலையை விட விரும்புவோர்க்கு 1800-112-356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. அதைப் பேக்கரிச் சுவரில் எழுதி வைக்கலாம்.

மைக்கை யார் கையில் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். முள்சீத்தாப் பழம் கேன்சரைக் கரைக்கும் என்று பேச ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். சாயத்தண்ணீரும் பூச்சிமருந்தும்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முழங்குபவரும் இருக்கிறார். நொய்யல் கெட்டதும், 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் உண்மை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் பழி முழுவதையும் ஆற்றின் மேல் போட்டுவிட்டால் பீடியும் பாக்கும் தப்பித்துவிடுகின்றன.

நோயிலிருந்து மீண்டவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பதற்கு முன் அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். அந்தப் படம் வாட்ஸப்பில் சுற்றி, அவர் மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டார் கைக்கும் போகும். புற்றுநோய்களில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவையே பரம்பரையாக வருபவை என்று நாம் ஆயிரம் முறை சொன்னாலும், பெண் பார்க்க வந்தவர்கள் காரணம் சொல்லாமல் எழுந்து போய்விடுகிறார்கள். கலைஞர்களுக்கோ பொன்னாடை மட்டும் போதாது. ஒப்புக்கொண்ட பணத்தை அன்றிரவே கொடுத்துவிட வேண்டும்; சேவைதானே என்று துடும்புக்காரரிடம் பேரம் பேசுபவர்கள் ஒலிபெருக்கிக்காரரிடம் பேசுவதில்லை.

வந்த கூட்டத்தை எண்ணி அறிக்கை எழுதுவது கடைசித் தவறு. எண்ண வேண்டியது பரிசோதனைக்குப் போனவர்களையும், மறுபரிசோதனைக்கு அழைக்கப்பட்டும் போகாதவர்களையும். வெண்மை தெரிந்தது என்றாலே புற்றுநோய் என்று எண்ணி வீட்டுக்குள் முடங்கிவிடும் பெண்ணுக்குத் துணையாகப் பேருந்தில் ஏறிச் செல்ல ஒருத்தி வேண்டும். கும்மி வட்டத்தில் பக்கத்தில் நின்று கைகொட்டியவளே அதற்கு ஏற்றவள். ஒரே நிறச் சேலைக்குப் பணம் வசூலிக்கப் பெயர், தொலைபேசி எண்ணோடு கும்மிக் குழுவினர் நோட்டு ஒன்று வைத்திருப்பார்கள். அதில் பரிசோதனைக்குப் போன தேதிக்கு ஒரு கட்டமும் மறுபடி போக வேண்டிய தேதிக்கு ஒரு கட்டமும் கோடு போட்டுக்கொள்ளலாம். பரிசோதனையின் முடிவு என்ன என்பதை மட்டும் அந்த நோட்டில் எழுதக் கூடாது.