வெறும் "ஐசிபி 18" என்று எழுதாதீர்கள்

மண்டையோட்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை (ஐசிபி) அளந்து ஆய்வுப் படிவத்தில் ஏற்றும் வேலை புதிதாக உங்களிடம் வந்திருக்கிறதா? வெறும் "18" என்று எழுதி நகர்ந்துவிட்டால், அந்த 18 எப்படி வந்தது என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

படி 1: எதால் அளந்தீர்கள்? மூளை அறைக்குள் போய் அங்குள்ள நீரை வெளியே வடிக்கும் ஈவிடி குழாயா, திசுவில் செருகும் சென்சாரா? திசு சென்சார்கள் பலவற்றை உள்ளே வைத்தபின் மறுபடி ஜீரோ செய்ய (அளவின் தொடக்கப் புள்ளியைச் சரிசெய்ய) முடியாது, நாளாக ஆக அளவு கொஞ்சம் நகரும். அதனால் செருகிய தேதியும் வேண்டும்.

படி 2: ஜீரோ மட்டம். அதிகம் கோட்டை விடும் இடம் இதுதான். ஈவிடியில் டிரான்ஸ்டியூசரை (அழுத்தத்தை உணரும் கருவியை) காதுத் துளைக்கு முன்னால் துருத்தும் குருத்தெலும்பின் மட்டத்தில் வைப்பது வழக்கம். 1 மி.மீ. பாதரசம் என்பது 1.36 செ.மீ. நீர். யாரோ கட்டிலை 10 செ.மீ. உயர்த்திவிட்டு, கம்பத்தில் மாட்டிய டிரான்ஸ்டியூசரை மறந்தால், ஐசிபி 16 மி.மீ. பாதரசம் இருப்பவருக்கு மானிட்டர் 23 காட்டும். பிரெயின் டிராமா ஃபவுண்டேஷனின் 2016 தலைக்காய வழிகாட்டுதல் 22-ஐத் தாண்டினால் சிகிச்சை என்கிறது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏறியது கட்டில்தான்!

படி 3: வடிகாலை மூடிவிட்டு, அலைவடிவம் நிலைத்தபின் படியுங்கள். நீர் வடிந்துகொண்டிருக்கும்போது காட்டும் எண்ணை நம்ப முடியாது.

படி 4: தலை எத்தனை டிகிரி உயர்ந்திருக்கிறது? மூளைக்குப் பாயும் அழுத்தத்தை (சராசரி ரத்த அழுத்தத்தில் ஐசிபி கழித்தது) கணக்கிடும்போது ரத்த அழுத்தத்தின் ஜீரோ இதய மட்டத்திலா, காது மட்டத்திலா என்றும் சேர்த்து எழுதுங்கள். காது 15 செ.மீ. மேலே இருந்தால் வித்தியாசம் 11 மி.மீ. பாதரசம், சின்ன விஷயமே இல்லை.

படி 5: எப்படிச் சுருக்கினீர்கள்? மணிக்கொரு முறை குறித்ததா, தொடர்பதிவின் சராசரியா, 22-க்கு மேல் எத்தனை நிமிடம்? இருமியபோது, சளி உறிஞ்சியபோது எகிறிய எண்களை அழிக்காமல் குறியிட்டு வையுங்கள்.

அப்புறம் அலகு. இடுப்புப் பகுதி முதுகுத்தண்டில் ஊசி செருகி அளக்கும்போது செ.மீ. நீரில் வரும். அங்கே 25 என்றால் பாதரசத்தில் சுமார் 18தான். அந்த 25-ஐ மாற்றாமல் பாதரசக் கட்டத்தில் போட்டால், அவர் 22-ஐத் தாண்டியவர்கள் பட்டியலில் உட்கார்ந்துவிடுவார்.