மளிகை பில்லை நான் குறைத்த விதம்

மாதா மாதம் மளிகை பில்லைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். போன தை மாதம், விளம்பரத்தில் பார்த்த பெயருக்காக எதையும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். சூப்பர் மார்க்கெட்காரர்களே தங்கள் பெயரில் கட்டி விற்கும் துவரம்பருப்பு, உளுந்து, சர்க்கரை, ரவையை முதலில் மாற்றினேன். பருப்பு நன்றாகக் குழைய வெந்தது. சாம்பாரில் வீட்டில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

எண்ணெயில்தான் ஏமாந்தேன். விலை குறைவு என்று எடுத்த பாக்கெட்டில் 850 கிராம்தான் இருந்தது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் வரும். அன்றிலிருந்து பெரிய எழுத்து விலையை விட்டுவிட்டு, ஒரு கிராம் எவ்வளவு என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதைத்தான் பார்க்கிறேன். ஜாம், சாஸ் என்றால் சேர்மானப் பட்டியலையும் படிப்பேன். எது அதிகமோ அதுதான் முதலில் இருக்கும். கடை ஜாமில் சர்க்கரை முதலில் இருந்தது, பிரபல ஜாமிலும் அதேதான்! அப்புறம் எதற்குக் கூடுதல் காசு?

காப்பித்தூளை மட்டும் மாற்ற முடியவில்லை. இரண்டு முறை முயன்றேன், அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. சரி, அதை அப்படியே விட்டுவிட்டேன். மிளகாய்த்தூளுக்கு எந்தப் பாக்கெட்டும் வேண்டாம் என்று, மிளகாயை வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்கிறேன்.