கியர்பொக்ஸைக் கழற்ற முன் ஒயிலைப் பாருங்கள்

என்னுடைய பழைய கொரோலாவில் இரண்டாவது கியர் கரகரத்துக்கொண்டுதான் விழும். காலி வீதியில் கொஞ்சம் வேகம் எடுத்தால் ஊளைச் சத்தம் வேறு. ஒரு கராஜில் காட்டினேன். "கியர்பொக்ஸ் கழற்றவேணும்" என்றார்கள். கியர்பொக்ஸுக்குள் ஒயில் இருக்கிறதா என்றுகூட யாரும் பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

முதலில் கோளாறு கிளச்சிலா கியரிலா என்று பிரித்துக்கொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தியிருக்கும்போது கியர்கள் இலகுவாக விழுந்து, ஓடவிட்டால் மட்டும் எல்லாமே இறுகினால் பெரும்பாலும் கிளச்தான். ஒயில் மாற்றி அது தீராது.

ஒயில் பார்க்கக் காரை நாலு பக்கமும் ஒரே மட்டமாக ஸ்டாண்டில் ஏற்றுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே வேண்டாம். மெனுவல் கியர்பொக்ஸில் இரண்டு நட் இருக்கும்: மேலது ஊற்ற, கீழது வடிக்க. எப்போதும் மேல் நட்டைத்தான் முதலில் கழற்றவேண்டும். கீழதைத் திறந்து வடித்த பிறகு மேலது இறுகி வராவிட்டால், ஒயிலே இல்லாத கார்தான் மிஞ்சும். மேல் துளைக்குள் சுண்டுவிரலை விட்டுக் கீழ்நோக்கி வளையுங்கள், துளையின் விளிம்பிலேயே ஒயில் தட்டுப்படவேண்டும். எனக்கு விரல் காய்ந்தே வந்தது. சில்லுக்குப் போகும் தண்டு கியர்பொக்ஸில் நுழையும் இடத்து ரப்பர் வளையத்தால், அதாவது அக்சில் சீலால், ஒழுகிப் போயிருந்தது.

கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கினால் நன்றாக வடியும். வடித்ததை வடிகானில் ஊற்றாதீர்கள். கீழ் நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை, அது வழக்கமான தேய்மானம். பொன் நிறத் துகள் மின்னினால் கியர் இலகுவாக விழ உதவும் பித்தளை வளையம் தேய்கிறது, இரும்புத் துண்டு வந்தால் கழற்றத்தான் வேண்டும். ஒயில் பால் தேத்தண்ணி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2016 மே வெள்ளத்தில் கொழும்புக்குப் பக்கத்து வெல்லம்பிட்டியில் மூழ்கியது போல வெள்ளத்தில் நின்ற கார் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஒயில் வாங்கும்போது கடைக்காரர் தருவதை அல்ல, காரின் கைநூலில் உள்ளதைக் கேளுங்கள். எனக்கு 75டபிள்யூ-90 (ஒயிலின் தடிப்பைக் காட்டும் எண்), ஏறக்குறைய 2 லீட்டர். கைநூலில் ஒயிலின் தரம் ஜிஎல்-4 என்று மட்டும் போட்டிருந்தால் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள், அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கலாம். கீழ் நட்டைப் புது வொஷரோடு இறுக்குங்கள். அப்புறம் புனலில் குழாய் மாட்டி, மேல் துளையால் வழியும்வரை ஊற்றி மூடுங்கள்.

சீலையும் மாற்றிய பிறகு என் காரில் ஊளை நின்றது. ஒரு கிழமை இரவில் காருக்கடியில் பழைய பத்திரிகை விரித்து வையுங்கள். காலையில் துளி விழுந்திருந்தால் நட்டையும் சீலையும் மறுபடி பாருங்கள்.