ஈயப் பற்றரிக்குப் பழகிய கை: பழைய மின்சாரக் காரைப் பிரிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் பழைய பற்றரி ஒருநாளும் வீணாகக் கிடந்ததில்லை. லொறிப் பற்றரியோ இன்வேர்ட்டர் பற்றரியோ, பழைய இரும்பு எடுப்பவர் வந்து தூக்கிப் பார்த்து, கிலோக் கணக்கில் காசைக் கொடுத்து எடுத்துப் போவார். ஈயத்துக்கு அது சரி. பத்து வருடத்துக்கு முன் யப்பானிலிருந்து வந்த நிசான் லீஃப் கார்கள் இப்போது ஓட்டம் முடிந்து கராஜின் பின்பக்கம் வந்து நிற்கின்றன. அதே கை, அதே பழக்கத்தோடு அவற்றையும் தொடுகிறது. தவறுகள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

"கார் ஓடுதில்லை, பற்றரி செத்துப் போச்சு" என்பது முதலாவது. 24 கிலோவாட் மணி லீஃபின் லித்தியம் பற்றரியில் 48 மொடியூல்கள், அதாவது செல்களை அடக்கிய சிறு பெட்டிகள். 96 செல் சோடிகள் தொடராக நின்று சுமார் 360 வோல்ட் தருகின்றன. கொள்ளளவு அறுபது வீதத்துக்கு இறங்கிய காரில் மூதூர் போய் வரப் பயமாக இருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இன்னும் 14 கிலோவாட் மணி இருக்கிறது. ஆளைக் கொல்லவும் அது போதும், வீட்டுக்கு வெளிச்சம் தரவும் அது போதும்.

ஆகவே ஸ்பானரை எடுக்க முன், கார் இன்னும் உயிர்க்கும் நிலையிலேயே காரின் கணினியை வாசிக்கும் ஓபிடி கருவியைச் செருகி, லீஃப் ஸ்பை என்ற கைபேசிச் செயலியில் 96 சோடிகளின் மின்னழுத்தத்தையும் படம் எடுத்து வையுங்கள். எந்தச் சோடி தாழ்ந்து நிற்கிறது என்று அது காட்டிவிடும். பிரித்துப் போட்ட பிறகு அதைக் கண்டுபிடிக்கக் கிழமைக் கணக்கில் நாள் போகும்.

பிரிக்கும் ஒழுங்கு: காரை நிறுத்தி, சாவியைத் தூரத்தில் வையுங்கள். 12 வோல்ட் பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். 1000 வோல்ட் ரப்பர் கையுறையை ஊதிப் பார்த்து ஓட்டை இல்லை என்று உறுதி செய்து அணிந்துகொண்டு, பின் இருக்கைக்கு முன்னால் தரையில் உள்ள சேர்விஸ் பிளக்கை இழுத்தெடுத்து உங்கள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் பொறுக்க வேண்டும்; கார் இன்வேர்ட்டரில் மின்னைத் தேக்கி வைக்கும் கொள்ளளவிகள் இறங்க அந்த நேரம் தேவை. பிறகு மீற்றரால் அளவுங்கள். அனுபவசாலிகளும் பிழைவிடும் இடம் இதற்கு அடுத்தது: பிளக் பற்றரியை நடுவில் அறுக்கிறதே தவிர, வெறுமையாக்குவதில்லை. பெட்டிக்குள் உயிர் போகும் மின்னழுத்தம் அப்படியே இருக்கும். மூடியைத் திறந்ததும் ஆறு மொடியூலுக்கு ஒரு இணைப்புத் தகட்டைக் கழற்றினால் ஒவ்வொரு தொகுதியும் சுமார் 50 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஸ்பானர் பிடிக்கு ரேப் சுற்றியிருக்க வேண்டும். மோதிரம், சங்கிலி கழற்றியிருக்க வேண்டும்.

மின்னை இறக்குகிறோம் என்று உப்புத் தண்ணீரில், சிலர் கடலிலேயே, முழுப் பற்றரியையும் போட நினைப்பதுண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த மின்னழுத்தத்தில் உப்புநீர் பிரிந்து ஐதரசனும் குளோரினும் கிளம்பும். முனைகள் கரைந்து போகும், உள்ளே மின் அப்படியே மிஞ்சும். கழிந்த தண்ணீரும் நஞ்சாகிறது. உட்துறைமுகத்தில் வலை போடுபவர்களின் மீன்தான் அதைக் குடிக்கும்.

ஹைபிரிட் கார்களில் வேறொரு மயக்கம். இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் உள்ளது நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் வகைப் பற்றரி: 28 மொடியூல், 201.6 வோல்ட். அதில் கசிவது அமிலமல்ல, காரம். ஈயப் பற்றரிக்குச் செய்வதுபோல் அப்பச் சோடாவைத் தூவிப் பயனில்லை. தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். இதையும் லித்தியத்தையும் ஒரே சாக்கில் போட்டு விற்கவும் கூடாது.

மீள்பாவனைதான் நாம் அதிகம் பேச வேண்டிய விடயம். நல்ல லீஃப் மொடியூலை உடைக்க அனுப்புவது பெரிய நட்டம். ஆனால் பழைய 24 வோல்ட் இன்வேர்ட்டரில் ஈயப் பற்றரிக்குப் பதிலாக மூன்று மொடியூலைப் பூட்டினால் என்ன நடக்கும்? ஈயத்துக்கான சார்ஜ் 28.8 வோல்ட். மூன்று மொடியூலில் தொடராக ஆறு செல். ஒரு செல்லுக்கு 4.8 வோல்ட். 4.2க்கு மேலே போகக் கூடாத செல் வீங்கிப் பற்றிக்கொள்ளும். நான்கு மொடியூல் போட்டால் செல்லுக்கு 3.6தான் கிடைக்கும், பெரும்பகுதி நிரம்பாமலே கிடக்கும். 48 வோல்ட் இன்வேர்ட்டரோடு ஏழு மொடியூல் பொருந்தும்: 57.6ஐ 14ஆல் வகுத்தால் 4.11. ஈயப் பற்றரிக்காக இடையிடையே கூட்டிக் கொடுக்கும் ஈக்வலைஸ் சார்ஜை நிறுத்தி, 42 வோல்ட்டுக்கு இறங்கியதும் மின்னை வெட்டும்படி வைத்து, ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் காக்கும் பலகையான பிஎம்எஸ்ஸை 14 செல்லுக்கு ஏற்றதாகப் பூட்டுங்கள். தேய்ந்த ஏழு மொடியூல் சுமார் இரண்டு கிலோவாட் மணி தரும். 60 வாட் மின்விசிறி பத்து மணி நேரம் சுற்ற 0.6 போதும்.

மொடியூலைத் தெரிகையில் இரண்டு வோல்ட்டுக்குக் கீழே கிடந்த செல்லை விலக்குங்கள். அந்த நிலையில் உள்ளே செப்புத் தகடு கரைந்திருக்கும். மீண்டும் சார்ஜ் ஏற்றினால் அந்தச் செப்பே படிந்து உள்ளுக்குள் சோர்ட் ஆகும். மற்றவற்றை அளந்து, ஒரு கிழமை விட்டு, திரும்ப அளவுங்கள். கூட்டாளிகளைவிட வேகமாக இறங்குவது ஆகாது. தெரிந்தெடுத்தவற்றை இரும்புத் தகடுகளுக்கிடையில் போல்ட்டால் இறுக்கியே வைக்க வேண்டும். தொழிற்சாலையும் அப்படித்தான் வைத்திருந்தது. பற்றரி முனையிலேயே நேரோட்டத்துக்கான (டிசி) பியூஸ் வேண்டும். வீட்டு ஏசி பிரேக்கர் டிசி தீப்பொறியை அணைக்காது.

நம் ஊரில் உப்புக் காற்றையும் கணக்கில் எடுங்கள். பகலில் படிந்த உப்பு இரவில் ஈரமாகி பிஎம்எஸ் பலகையில் மின் கசிய வழி செய்யும். பலகைக்குப் பாதுகாப்பு வார்னிஷ் பூசி, கடல் பக்கம் பாராத சுவரில், மாரி வெள்ளம் எட்டாத உயரத்தில் பூட்டுங்கள். தகரக் கொட்டிலுக்குள் வைக்காதீர்கள்; மத்தியானச் சூடு செல்லைத் தின்றுவிடும்.

வீங்கியதை, நசுங்கியதை உள்ளே வைக்க வேண்டாம். இரும்பு வாளியில் காய்ந்த ஆற்று மணலில் புதைத்துத் திறந்த வெளியில் வையுங்கள். கடல் மணல் கூடாது, அதில் உப்பு இருக்கிறது. தீப்பிடித்தால் எல்லாரையும் விலக்கி, தீயணைப்புப் பிரிவுக்கு அறிவியுங்கள். சிறு தீயணைப்பான் சுவாலையை அமுக்குமே ஒழிய செல்லைக் குளிராக்காது. நிறையத் தண்ணீர்தான் வேலை செய்யும். அணைந்தது மணித்தியாலங்கள் கழித்துத் திரும்பவும் பற்றலாம். புகையைச் சுவாசிக்க வேண்டாம், அதில் ஐதரசன் புளோரைட்டு உண்டு.

செம்புக்காக எரிப்பதும் சுத்தியலால் உடைப்பதும் வேண்டாம். இலங்கையில் 2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் ஆபத்தான கழிவுகளை அட்டவணைப்படுத்தியுள்ளன. அத்தகைய கழிவைச் சேகரிக்கவும் ஏற்றிச் செல்லவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் தேவை. எடுக்க வருபவரிடம் அந்தப் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். மொடியூல் எண்ணிக்கை, நிறை, ஒவ்வொன்றின் மின்னழுத்தம் எழுதிய தாளில் அவர் கையொப்பம் வாங்கி, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முனைகளில் ரேப் ஒட்டிய பிறகே ஒன்றன் பக்கத்தில் ஒன்றை லொறியில் அடுக்க விடுங்கள்.