ஒரு மின்வெட்டுக்கு ஒரு மெசேஜ் போதும்

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், மணி ஆறே முக்கால் இருக்கும். திருமங்கலத்திலிருந்து மேலூர் வரைக்கும் ஒரே இடியும் மின்னலும். மதுரையைச் சுற்றி நான் பார்த்துக்கொள்ளும் பால் குளிரூட்டு நிலையங்கள் 23. அதில் 18 நிலையங்களில் ஒரே நேரத்தில் கரண்ட் போனது. ஒவ்வொரு நிலையத்திலும் நெட்வொர்க் ஸ்விட்ச், கேமரா, எடை மெஷின், பால் டெஸ்டர், பிரிண்டர், கணினி உட்பட எட்டுப் பொருள் கண்காணிப்பில் இருக்கிறது. அத்தனையும் தனித்தனியாக 'தொடர்பில் இல்லை' என்று மெசேஜ் அனுப்பின. கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. உடனே 'சரியாகிவிட்டது' என்று இன்னொரு சுற்று. போன் மேசையில் அதிர்ந்துகொண்டே நகர்ந்தது. அதை சைலண்டில் போட்டுவிட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டப் போனேன்.

அந்தக் குவியலுக்கு நடுவில் ஒரு வரி: 'செக்கானூரணி கூலர் 24 டிகிரி'. கூலர் என்பது பாலைக் குளிர வைக்கும் தொட்டி. அங்கே முதலில் திரும்பி வந்தது ரெண்டு ஃபேஸ்தான். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. கம்ப்ரெசர் மட்டும் பிரிவென்டர் (ஒரு ஃபேஸ் இல்லாவிட்டால் மோட்டாரை நிறுத்திக் காப்பாற்றும் கருவி) தட்டி நின்றுவிட்டது. மூன்றாவது ஃபேஸ் வந்த பிறகும் கையால் ரீசெட் செய்தால்தான் அது ஓடும். கரண்ட்தான் வந்துவிட்டதே என்று பொறுப்பாளர் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

காலையில் அவரே கூப்பிட்டார். "என்னம்மா, ராத்திரி உனக்கு மெசேஜ் எதுவும் வரலையா? காய்ச்சிப் பாத்தா மொத்தமாத் திரிஞ்சு போச்சு."

"வந்துச்சுண்ணே. முந்நூறு வந்துச்சு."

1,400 லிட்டர். ரெண்டு மாடு, மூணு மாடு வைத்திருப்பவர்கள் தூக்கு வாளியில் கொண்டுவந்து ஊற்றிய பால். அதற்குப் பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து எங்கள் அலர்ட் அமைப்பைத் திருத்தினேன். நாங்கள் பயன்படுத்துவது ப்ரோமித்தியஸும் அலர்ட்மேனேஜரும்: முதலாவது சாதனங்களைக் கண்காணித்து அலர்ட் எழுப்பும் மென்பொருள், இரண்டாவது அந்த அலர்ட்டுகளைப் பிரித்து உரியவர்களுக்கு அனுப்புவது. வேறு கண்காணிப்பு மென்பொருளான ஜாபிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு டிரிக்கர் டிபென்டென்சி, நாகியோஸ் வைத்திருப்பவர்களுக்கு பேரன்ட்ஸ் என்று இதே வேலையைச் செய்யும் வழிகள் உண்டு.

இது கணினிக்காரர்களுக்கு மட்டும் வந்த தொல்லை கிடையாது. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. அதுவும் ஒரு மின்னலில் தொடங்கிய கதைதான். வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடத்தில் ரெண்டு ஆபரேட்டர்கள் முன்னால் 275 அலாரங்கள் அடித்தன. ஓர் ஆபரேட்டருக்கு 10 நிமிடத்தில் 10 அலாரத்துக்கு மேல் வந்தாலே அதை வெள்ளம் என்று கணக்கு வைக்கிறார்கள் ஆலைத் துறையில். எனக்கு வந்தது அதைப்போலப் பல மடங்கு.

முதல் வேலை, அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் கோப்பைத் தொடாதீர்கள். போன மாதம் வந்த மெசேஜ்களை எல்லாம் எடுத்து, எது எதோடு சேர்ந்து வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதியபோது எனக்குத் தெரிந்தது, பெரும்பாலானவற்றுக்குத் தாய் ஒன்றே: யூபிஎஸ் பேட்டரிக்கு மாறியது. அடுத்து ஒவ்வோர் அலர்ட்டுக்கும் ரெண்டு லேபிள் ஒட்டுங்கள். எந்த ஊர் என்பதற்கு 'சைட்', என்ன ரகம் என்பதற்கு 'கைண்ட்'. நான் மூன்று ரகம் வைத்தேன்: மின்சாரம், சாதனம், பால். லேபிள் ஒழுங்காக இல்லாவிட்டால் கீழே சொல்வது எதுவும் நிற்காது.

சரி, குரூப்பிங். அலர்ட்மேனேஜரின் ரூட்டில், அதாவது எந்த அலர்ட் எங்கே போக வேண்டும் என்று எழுதும் பகுதியில், 'குரூப் பை' என்ற இடத்தில் சைட்டைக் கொடுங்கள். உசிலம்பட்டியில் எட்டுப் பொருள் விழுந்தால் எட்டும் ஒரே மெசேஜில் பட்டியலாக வரும். முதல் மெசேஜுக்கு முன் காத்திருக்கும் 'குரூப் வெயிட்' 30 விநாடி, அதே குரூப்பில் புதிதாக ஏதாவது சேர்ந்தால் அடுத்த மெசேஜுக்கான 'குரூப் இன்டர்வல்' 5 நிமிடம், தீராத அலர்ட்டைத் திரும்பச் சொல்லும் 'ரிப்பீட் இன்டர்வல்' 4 மணி நேரம் என்று அதுவே வைத்துக்கொண்டு வருகிறது. நான் மாற்றியது குரூப் வெயிட்டை மட்டும். ஒரு நிமிடம் ஆக்கினேன்.

ஆனால் பால் ரக அலர்ட்டை இந்தக் குரூப்பில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் பட்டியலில் ஒன்பதாவது வரியாகப் போய் ஒளிந்துகொள்ளும். குரூப் ஏற்கெனவே போயிருந்தால் அடுத்த 5 நிமிடத்துக்கும் காத்திருக்கும். அதற்குத் தனி ரூட் போடுங்கள்: குரூப் வெயிட் பூஜ்யம், போய்ச் சேரும் இடம் மெசேஜ் இல்லாமல் போன் கால். அந்த ரூட்டை மற்றவற்றுக்கு மேலே எழுதுங்கள். 'கன்டினியூ' கொடுக்காதவரை, மேலிருந்து முதலில் பொருந்தும் ரூட்டோடு அலர்ட் நின்றுவிடும்.

அடுத்து இன்ஹிபிஷன். முக்கியமானது இதுதான், இதில்தான் அதிகம் சறுக்குவதும். தாய் அலர்ட் எரியும்போது பிள்ளை அலர்ட்டுகள் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லும் விதி. 'சோர்ஸ் மேட்சர்ஸ்' என்ற இடத்தில் கைண்ட் மின்சாரம், 'டார்கெட் மேட்சர்ஸ்' என்ற இடத்தில் கைண்ட் சாதனம், 'ஈக்குவல்' என்ற இடத்தில் சைட். வாடிப்பட்டியில் கரண்ட் போனால் வாடிப்பட்டி கேமரா மட்டும் அடங்கும். சோழவந்தான் கேமரா பேசும். பால் ரகம் டார்கெட்டில் இல்லை என்பதை ரெண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் மூன்று இடத்தில் நான் தடுக்கினேன். ஒன்று, சைட் லேபிள் ரெண்டு பக்கமும் விட்டுப்போனால், ரெண்டும் காலி, ஆகவே ரெண்டும் சமம் என்று அலர்ட்மேனேஜர் எடுத்துக்கொள்ளும். லேபிள் இல்லாத ஒரு மின்சார அலர்ட், லேபிள் இல்லாத எல்லாச் சாதனங்களையும் ஊமையாக்கிவிடும். ரெண்டு, ப்ரோமித்தியஸின் அலர்ட் விதியில் 'ஃபார்' என்று எழுதும் காத்திருப்பு நேரம்; கோளாறு அவ்வளவு நேரம் நீடித்தால்தான் அலர்ட் எரியும். தாய்க்கு 2 நிமிடம், பிள்ளைக்கு 1 நிமிடம் என்று வைத்தால் பிள்ளைகள் முதலில் கத்திவிடும். நான் யூபிஎஸ்ஸுக்கு 30 விநாடி, சாதனங்களுக்கு 3 நிமிடம் வைத்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் அன்றைய சாயங்காலத்தின் கதை. கரண்ட் வந்த உடனே தாய் அலர்ட் அணைந்துவிடும். கணினியும் ஸ்விட்சும் எழுந்து நிற்க இன்னும் மூன்று, நான்கு நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாகக் கத்தும். ப்ரோமித்தியஸ் 2.42 முதல் 'கீப் ஃபயரிங் ஃபார்' என்று ஒன்று இருக்கிறது. தாய் விதியில் அதை 10 நிமிடம் என்று வைத்தேன். கரண்ட் வந்த பிறகும் தாய் பத்து நிமிடம் எரிந்துகொண்டிருக்கும். அதற்குள் பிள்ளைகள் எழுந்துவிடும். கூடவே சாதன ரகத்துக்கு, 'சரியாகிவிட்டது' மெசேஜை அனுப்பும் 'சென்ட் ரிசால்வ்டு' என்பதை அணைத்துவிட்டேன். பிரிண்டர் பிழைத்துக்கொண்ட சேதி யாருக்கும் வேண்டாம்.

கூலருக்கு ஒரு வார்த்தை. மாலைப் பால் ஊற்றும்போது சூடு ஏறத்தான் செய்யும், அதற்கெல்லாம் மணி அடித்தால் மறுபடி வெள்ளம்தான். ஏறிய சூடு இறங்காமல் நிற்பதைப் பிடியுங்கள்: அரை மணிக்கு முன்பு இருந்ததைவிட இப்போது குறையவில்லை, 10 டிகிரிக்கு மேலும் இருக்கிறது என்றால் அடி. இன்னொன்று, சென்சாரிலிருந்து அளவே வராமல் போனால் எரிந்துகொண்டிருந்த அலர்ட் தானாக அணைந்து 'சரியாகிவிட்டது' என்று பொய் சொல்லும். அளவு வரவில்லை என்பதற்கே தனியாக ஓர் அலர்ட் வையுங்கள், அதுவும் பால் ரகத்தில்.

முன்கூட்டித் தெரிந்த மின்தடைக்கு சைலன்ஸ், அதாவது குறித்த நேரத்துக்கு மட்டும் அலர்ட்டை அடக்கிவைப்பது. மாதாந்திரப் பராமரிப்புக்காக இன்ன ஊர்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை என்று பேப்பரில் வரும் அறிவிப்பை எங்கள் ஆபீஸ் தம்பி முதல் நாளே பார்த்துச் சொல்லிவிடுவான். "அக்கா, நாளைக்குப் பேரையூர், டி. கல்லுப்பட்டி" என்பான். அலர்ட்மேனேஜர் பக்கத்திலேயே தொடக்கம், முடிவு, யார் போட்டது, எதற்கு என்று நிரப்பி சைலன்ஸ் போடுவோம். சைட்டை மட்டும் கொடுத்துப் போடாதீர்கள், அது பாலையும் சேர்த்து அடக்கிவிடும். சைட்டோடு கைண்டையும் கொடுங்கள். முடிவை 5.15 என்று வையுங்கள். தானாகக் காலாவதியாகும், எடுக்க மறந்துபோகும் பயம் இல்லை.

அலர்ட்மேனேஜரே படுத்துவிட்டால்? எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஓர் அலர்ட்டை வைத்து, அது வருவது நின்றால் வெளியிலிருக்கும் வேறொரு சேவை போன் அடிக்கும்படி செய்யுங்கள்.

கடைசியாகச் சோதனை. கோப்பைப் பார்த்துத் திருப்திப்பட்டு விடாதீர்கள், ஊருக்குப் போங்கள். ஒரு ஞாயிறு மத்தியானம் செக்கானூரணியில் கூலர் கழுவிக் காலியாக இருந்தது. எலக்ட்ரீஷியன் கம்ப்ரெசருக்குப் போகும் லைனில் ஒரு பீஸ் கட்டையைப் பிடுங்கினார். பிரிவென்டர் 'டக்' என்று தட்டியது. பொறுப்பாளர் அண்ணன் டீக்கடையிலிருந்து ஒரு சொம்பில் வெந்நீர் வாங்கிவந்தார். சென்சார் கம்பியை உருவி அதில் போட்டோம். அப்புறம் மெயினையும் இறக்கினோம். கையில் போனை வைத்துக்கொண்டு மூவரும் வேப்பமரத்தடியில் நின்றோம். முதலில் ஒரு மெசேஜ்: 'செக்கானூரணி, கரண்ட் இல்லை'. கேமரா பேசவில்லை, பிரிண்டர் பேசவில்லை. சொம்பு ஆற ஆற அண்ணன் ரெண்டு முறை போய் வெந்நீர் மாற்றினார். அரை மணி தாண்டியதும் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்: "செக்கானூரணி கூலர், சூடு இறங்கவில்லை."

"இதைத்தான்மா அன்னைக்குச் சொல்லியிருக்கணும்" என்றார் அவர். தன் நம்பரையும் அந்த ரூட்டில் சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.