1/48 அளவு ஸ்பிட்ஃபயர் மார்க் 5பி பிளாஸ்டிக் மாதிரி விமானக் கிட்டின் இறக்கை நுனியை வெட்டி எல்.எஃப். 5பி ஆக மாற்றும் முறை

1941-இன் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190 போர் விமானம் ஆங்கிலக் கால்வாயின் மேல் தோன்றியபோது, பக்கவாட்டில் உருளும் வேகத்தில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் மார்க் 5 அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. தாழ்வான உயரத்தில் போரிடும் விமானங்களில், கழற்றக்கூடிய இறக்கை நுனிகளை எடுத்துவிட்டு அங்கே சிறிய மரமூடிகளைப் பொருத்தியது இதற்குக் கண்ட தீர்வுகளில் ஒன்று. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரின் சுழலி சிறிதாக்கப்பட்ட மெர்லின் 45எம் போன்ற எஞ்சினும் சேர்ந்தால் அது எல்.எஃப். 5பி (எல்.எஃப். என்றால் தாழ்வான உயரத்துக்கான போர் விமானம்). எஞ்சின் மாற்றம் வெளியே தெரியாது என்பதால் நமக்கு இறக்கை வேலைதான் முக்கியம். ஒரு கிட்டை முதன்முறையாக மாற்றிப் பார்க்க விரும்புவோருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

ரம்பத்தைத் தொடுவதற்கு முன், நீங்கள் செய்யப்போகும் குறிப்பிட்ட விமானத்தின் புகைப்படத்தைத் தேடி எடுங்கள். எல்லா 5பி விமானங்களுக்கும் நுனி எடுக்கப்படவில்லை. ஒரே விமானம் ஒரு சமயம் முழு இறக்கையுடனும் பிறிதொரு சமயம் குறுகிய இறக்கையுடனும் பறந்திருக்கக்கூடும்.

முதலில் இறக்கையின் மேல், கீழ்ப் பாகங்களை ஒட்டி ஓர் இரவு முழுவதும் காயவிடுங்கள். ஐலரானின் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) வெளி முனையை ஒட்டி, நுனி இணையும் இடத்தைக் காட்டும் பேனல் கோடு ஓடும். தடித்த டேப்பை அந்தக் கோட்டின் மீது மேலும் கீழும் ஒட்டி, அதன் விளிம்பையே வழிகாட்டியாகக் கொண்டு, மெல்லிய ரம்பத்தால் அழுத்தாமல் பலமுறை இழுத்து அறுங்கள். அழுத்தினால் ரம்பம் வழுக்கி ஐலரானைக் கீறிவிடும். அறுத்ததும் உள்ளே வெற்றிடம் தெரியும். 1.5 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தைவிடச் சற்றுப் பெரிய துண்டை வெட்டி ஒட்டி, நன்றாகக் காய்ந்தபின் 400, 800, 1200 எண் உப்புத்தாள்களால் நீர் தொட்டுத் தேய்த்து, விளிம்பை மெலிதாக உருட்டிவிடுங்கள். முழு இறக்கையின் 234 மி.மீ. அகலம் இப்போது சுமார் 206 மி.மீ. ஆகியிருக்க வேண்டும்; இரு பக்கமும் ஒரே அளவா என்பதை விமானத்தின் நடுக்கோட்டிலிருந்து அளந்து பாருங்கள். நுனியோடு போய்விட்ட விளக்குகளுக்காக, புதிய விளிம்பில் சிறு பள்ளம் வெட்டி ஒளிபுகும் பிளாஸ்டிக் துண்டை ஒட்டித் தேய்த்து மெருகேற்றி, விமானியின் இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் பூசுங்கள்.

விமானி அறையின் உட்புறம் சாம்பல் கலந்த பச்சை. இருக்கை பெரும்பாலும் செம்பழுப்பு. இருக்கைப் பட்டைகளை 1 மி.மீ. அகல மாஸ்கிங் டேப்பில் வெட்டி ஒட்டினாலே இந்த அளவில் மிக நன்றாகத் தெரியும். கதவிலுள்ள கடப்பாரைக்குச் சிவப்பு அடிக்காதீர்கள். இன்று பறக்கும் புதுப்பிக்கப்பட்ட விமானங்களைப் பார்த்து வந்த பழக்கம் அது. வால் இறக்கையின் பின்விளிம்பில் அசையும் எலிவேட்டரைச் சற்றுத் தாழ்த்தி ஒட்டுவது தரையில் நிற்கும் விமானத்துக்குப் பொருந்தும். ஆனால் தரையிறங்கும்போது இறக்கையின் அடியில் இறக்கப்படும் ஃபிளாப்புகள் மூடியே இருக்கட்டும். தரையிறங்கியதும் விமானிகள் அவற்றை ஏற்றிவிடுவார்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை, மேலே கரும்பச்சையும் ஓஷன் கிரேயும், அடியில் மீடியம் ஸீ கிரேயும் வரும். இறக்கையின் முன்விளிம்பில் வெளிப்பகுதியில் ஓடும் மஞ்சள் பட்டைக்குக் கிட்டின் டீகாலை (ஒட்டும் அச்சுப்படம்) நம்ப வேண்டாம். அது முழு இறக்கைக்காக அச்சிடப்பட்டது. மாஸ்கிங் டேப் ஒட்டி வண்ணமே அடியுங்கள். கிட்டின் படத்தில் இருந்தாலும், ஆன்டெனாக் கம்பத்திலிருந்து வால் வரை கம்பி இழுக்காதீர்கள். மார்க் 5-இல் வந்த வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண்) வானொலிக்குக் கம்பம் மட்டுமே போதுமானதாக இருந்தது.