படிவம் ‘சி’யை விட்டுவிடாதீர்கள்: காட்டை ஊர் திரும்பப் பெறும் வழி

காட்டில் வாழ்பவர்களின் உரிமையை ஏற்கும் வன உரிமைச் சட்டம், 2006-ன் கீழ் மனுப் போடும் ஊர்களில் பல, காட்டுப் பயன்பாட்டுக்கான படிவம் ‘பி’யோடு நின்றுவிடுகின்றன. தேன், நெல்லிக்காய் எடுக்க, மாடு மேய்க்க அது போதும். காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் அதிகாரம் வேண்டுமென்றால் படிவம் ‘சி’ தனியாகப் போட வேண்டும்.

முதல் சிக்கல் கிராம சபையிலேயே வரும். ஊராட்சி முழுவதற்கும் ஒரே சபை என்றால் மலையில் இருப்பவர் குரல் எடுபடாது. சட்டம் சொல்லும் ‘கிராமம்’ என்பதில் வனக் கிராமமும் பதிவில்லாத குடியிருப்பும் அடக்கம். உங்கள் குடியிருப்பைத் தனிக் கிராமமாகச் சேர்க்கத் தீர்மானம் போட வையுங்கள். சபை உறுப்பினரில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மனுக்களை வாங்கிச் சரிபார்க்கச் சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவுக்கு 10 முதல் 15 பேர். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து குறைந்தால் மனு அங்கேயே அடிபடும்.

வரைபடத்துக்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். பெரியவர்களோடு எல்லை நடந்து ஓடை, சாமிக்கல், இடுகாடு, பழைய குடியிருப்பு எல்லாவற்றையும் ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். பெயரை ஊர் வழக்கிலேயே எழுதுங்கள். வருவாய் எல்லையோடு இது ஒத்துப்போக வேண்டியதில்லை. காப்புக்காடும் சரணாலயமும் உள்ளே வரலாம். பக்கத்து ஊர் எல்லையோடு மோதினால் இரு குழுக்களும் கூடிப் பேசி எழுத்தில் முடிக்க வேண்டும். சான்று குறைந்தது இரண்டு: பெரியவரின் எழுத்து வாக்குமூலமும் இடுகாடு போன்ற கள அடையாளமும் செல்லும். செயற்கைக்கோள் படத்தில் இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துத் தள்ள முடியாது.

கள ஆய்வுக்கு வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். சபை அனுப்பும் மனுவைப் பரிசீலிக்கும் கோட்டக் குழுவின் முடிவில் குறை இருந்தால் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவுக்கு மேல்மனு.

உரிமை ஆவணம் வந்தபின் 3 மாதத்துக்குள் வருவாய், வனப் பதிவேடுகளில் ஏற வேண்டும், விடாமல் கேளுங்கள். பிறகு மேலாண்மைத் திட்டம். வனத்துறைத் திட்டத்தை அப்படியே நகலெடுப்பது வீண் வேலை. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் 2011-ல் இந்த உரிமை பெற்ற சோளிகர் பழங்குடியினர், கோடைத் தொடக்கத்தில் சருகுக்குத் தாங்கள் இட்டுவந்த சிறு தீ நிறுத்தப்பட்டதால்தான் உண்ணிச்செடி (லாண்டானா) மண்டியது, நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறியது என்கிறார்கள். வனத்துறைத் திட்டத்தின் ‘மனிதன் நுழையாத காடு’ என்ற இலக்கில் இந்தத் தீக்கு இடமே இல்லை. எனவே எந்த மரம் எத்தனை, எதில் எவ்வளவு புல்லுருவி, எந்தச் சரிவில் உண்ணிச்செடி என்று முதல் ஆண்டே எண்ணிப் பதியுங்கள். இல்லாவிட்டால் பிற்பாடு ஒப்பிட எதுவும் இராது.